பாலாறு, பொன்னையாற்று நீரோட்டத்துக்குக் கனமான ஃபீடர் ராட்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஆற்றுக்கு ஃபீடர் ராட் (இரை அடைத்த கூண்டைத் தூண்டில் நரம்பில் கட்டி வீசும் தூண்டில் கோல்) வாங்க விரும்பும் குடியாத்தத்து நண்பர், ஐந்து கிலோ கட்லா மாட்டினால் ராட் தாங்குமா என்று கேட்டிருக்கிறார். ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தும் அமைப்பை, சரியாக வைத்து நிதானமாக இழுத்தால், நடுத்தர ராட்டே அந்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். ராட்டில் ‘ஹெவி’ என்று அச்சிட்டிருப்பதற்கும் மீனின் எடைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எவ்வளவு எடையுள்ள இரைக்கூண்டை அதைக் கொண்டு வீசலாம், எவ்வளவு வேகமான ஓட்டத்தில் அந்தக் கூண்டை நிறுத்தி வைக்கலாம் என்பதையே அந்தச் சொல் குறிக்கிறது. இங்கிலாந்தில் டிரென்ட், செவர்ன் போன்ற ஆறுகளில் பார்பெல் என்ற மீனைப் பிடிப்பவர்கள் இவ்வகை ராட்டை விரும்புவதற்கும் அதுவே காரணம். அங்கே ஆறு எப்போதும் ஓடுகிறது. நம் பாலாறோ, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையும் ஆந்திரப் பக்கத்து நீரும் சேர்ந்து வந்தால் மட்டும் ஓடுகிறது. ஆகவே கனமான ராட் நமக்குத் தேவைப்படுவது சில வாரங்களுக்குத்தான் என்றாலும், அந்த வாரங்களில் இலேசான ராட்டை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்வது வீண்.

பொன்னையாற்றில் வெள்ளம் வடிந்து நீர் தெளியத் தொடங்கியிருந்த ஒரு காலையில், திருவலம் இரும்புப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஓர் இளைஞரைச் சந்தித்தேன். 60 கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருந்த ராட்டில் அவர் 40 கிராம் கூண்டைக் கட்டியிருந்தார். நடு ஓட்டத்தில் விழுந்த கூண்டு, அவர் ராட்டைத் தாங்கியில் வைப்பதற்குள் உருண்டு வந்து கரையோரக் கோரைக்குள் ஒதுங்கிவிடும். “மீன் இழுக்கிறதா, தண்ணீர் இழுக்கிறதா என்றே தெரியவில்லை, அண்ணா” என்றார். என்னுடைய 13 அடி ராட்டைக் கொடுத்தேன். 90 கிராம் ஈயம் பதித்த கம்பிவலைக் கூண்டில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து அடைத்து, அதே இடத்தில் வீசச் சொன்னேன். கூண்டு தரையைத் தொட்டதும் நரம்பை விறைப்பாக இழுக்காமல், ஓட்டத்தின் போக்கில் சற்று வளைந்து கிடக்கும்படி கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். அந்த வளைவு இருந்தால் ஓட்டம் கூண்டைக் குறுக்கே புரட்டுவது குறையும்.

நீரின் இழுப்பில் ராட்டின் மூன்று அவுன்ஸ் நுனி (அவுன்ஸ் நுனியின் விறைப்பைக் குறிப்பது) பாதி வளைந்து நின்றது. சிறிது நேரத்தில் அது மெல்ல இரண்டு முறை துடித்தது. பின்னர், அழுத்தியிருந்த கையை எடுத்துவிட்டதைப் போலச் சட்டென்று நேராக நிமிர்ந்தது. இளைஞர் கூண்டு அறுந்துவிட்டது என்றே நினைத்தார். மீன் இரையைக் கவ்வி நகரும்போது, மட்டுமட்டான எடையில் நின்றிருக்கும் கூண்டு தரையிலிருந்து பெயர்ந்து ஓட்டத்தோடு நகர்கிறது. அதனால் நரம்பு தளர்ந்து நுனி நிமிர்கிறது. ஆற்றில் ஃபீடர் போடுபவர் எதிர்பார்த்திருக்க வேண்டிய அடையாளம் அதுதான். சுழற்றியபோது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ரோகு வந்தது. கூண்டு அளவுக்கு மீறிக் கனமாக இருந்திருந்தால் இந்த அடையாளம் அவ்வளவு தெளிவாகக் கிடைத்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கனமான ராட் வாங்கினோம் என்பதற்காக எப்போதும் கனமான கூண்டையே கட்ட வேண்டியதில்லை.

ராட்டில் எழுதியிருக்கும் கிராம் கணக்கு, ஈயத்தை மட்டும் குறிப்பதன்று. நனைந்த இரையையும் சேர்த்து வீசப்படும் மொத்த எடையைக் குறிப்பது. 90 கிராம் கூண்டில் 40, 50 கிராம் ஈர இரை ஏறிவிட்டால் மொத்தம் 140ஐத் தொடும். 120 கிராம் ராட்டில் அதை முழு வேகத்தில் வீசினால் நுனிப்பகுதி முறியக்கூடும். நம் ஆறுகளுக்கு 150 கிராம் என்று எழுதியிருப்பதே போதுமானது. 200க்கு மேல் போனால் கை வலிதான் மிஞ்சும்.

வாலாஜாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

காட்பாடி நண்பர் எடையை விளக்கிவிட்டதால், நான் நீளத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசிக் கால்வாய்களுக்கு நீர் பிரிக்கும் பாலாற்று அணைக்கட்டுக்கு வெகு கீழே, ஓட்டம் அடங்கி ஒரே சீராகச் செல்லும் இடங்களில்தான் நான் தூண்டில் போடுகிறேன். கூண்டை இடம் பெயர்ப்பது பெரும்பாலும் நீருக்குள் கிடக்கும் நரம்பின் மேல் மோதும் ஓட்டமே. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. 13 அடி ராட்டின் நுனியை உயர்த்தி வைத்தால் கரையோரத்து நரம்பு நீரைத் தொடாமல் நிற்கும்; 10 அடி ராட்டில் அந்த வசதி மிகவும் குறைவு.

நரம்பின் தடிமனும் இதில் சேரும். 0.30 மில்லிமீட்டர் தங்கூசியிலிருந்து (ஒற்றை நைலான் இழை) 0.16 பின்னல் நரம்புக்கு மாறியபோது, அதே இடத்தில் கூண்டின் எடையைக் கணிசமாகக் குறைக்க முடிந்தது. ஆனால் பின்னல் நரம்பு நீளாது, கல்லில் உராய்ந்தால் விரைவில் அறுந்தும் போகும் என்பதால், கூண்டுக்கு மேலே சில அடிகளுக்குத் தடித்த தங்கூசியைச் சேர்த்துக்கொள்கிறேன்.

கரை முழுவதும் சீமைக் கருவேலம் அடைத்திருக்கும் இடத்தில் மட்டும் 13 அடி தொல்லைதான். பின்னால் ஓங்குவதற்கு இடமே இருக்காது. அங்கே 12 அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்கிறேன்: 150 கிராம் கூண்டும் நிற்காத ஓட்டத்தில் 200 கிராமைத் தேடாமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்குமிடம் கலங்கல் நீரில் கண்ணுக்குத் தெரியாது.

குடியாத்தத்திலிருந்து, கேள்வி கேட்ட உறுப்பினர்:

இருவருக்கும் நன்றி. இதைப் படித்தபின் சென்னையில் ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். ஃபீடர் ராட் ஒன்றைக் காட்டிய கடைக்காரர், அதன் பக்கத்தில் 12 அடி, மூன்றரை பவுண்டு கார்ப் ராட் (பெரிய கெண்டை மீன்களுக்கான தூண்டில் கோல்) ஒன்றையும் எடுத்து வைத்து, “இரண்டும் ஒன்றுதான் சார், இது இன்னும் உறுதி” என்றார். பவுண்டு என்பது மீனின் எடையா என்று கேட்டேன். நுனியைச் செங்கோணமாக வளைப்பதற்குத் தேவைப்படும் எடை அது என்று அவரே விளக்கினார். அந்த அளவில் அவர் நேர்மையானவர்தான்.

பிறகு 100 கிராம் ஈயக்குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு ராட்டுகளின் நுனியிலும் மாறி மாறித் தொங்கவிட்டுப் பார்த்தேன். கார்ப் ராட் தலையை இலேசாகத் தாழ்த்தியதோடு நின்றுவிட்டது. ஃபீடர் ராட்டிலோ, வெள்ளை வர்ணம் பூசிய மெல்லிய நுனி முழுவதும் கீழ்நோக்கி வளைந்தது. அதற்குக் கீழே இருந்த தண்டு அசையவே இல்லை. வீசுவதற்கும் மீனை இழுப்பதற்கும் தண்டு, துடிப்பைக் காட்டுவதற்கு நுனி என்று வேலை பிரிந்திருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கார்ப் ராட்டுக்குத் துடிப்பைச் சொல்ல மணியோ அலாரமோ தேவைப்படுகிறது. மடக்கி நீட்டும் டெலஸ்கோப் ராட்டுகளில் இந்தத் தனி நுனியே கிடையாது என்பதால் அவற்றைத் தொட்டும் பார்க்கவில்லை. 3.9 மீட்டர், 150 கிராம், மூன்று துண்டு ராட்டை வாங்கினேன். பேருந்தில் கொண்டுவரும்போது நடத்துநர் ஒருமுறை முறைத்தார், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

வாங்கியாயிற்று என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் ராட்டுடன் வந்த நுனிகளின் அடிப்பகுதி விட்டத்தை ஏதாவது ஒரு லேத் பட்டறையில் வெர்னியரில் அளந்து குறித்து வையுங்கள். 2.2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு அது மாறும். முதலில் உடைவதும் நுனிதான். ஓட்டத்துக்கு மூன்று, நான்கு அவுன்ஸ் நுனிகளை வைத்துக்கொண்டு, ஓர் அவுன்ஸ் நுனியைத் தேங்கிய நீருக்கு ஒதுக்குங்கள். அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம்.

மோர்தானா அணையிலோ காவேரிப்பாக்கம் ஏரியிலோ போடுவதற்கு இந்த ராட் அதிகப்படி. அங்கே 30 கிராம் கூண்டே அசையாமல் கிடக்கும், நடுத்தர ராட்டே இனிமையாக இருக்கும். ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு உட்காருங்கள். இரைக்கூண்டைக் கண்டால், கூடை கூடையாக மீன் அள்ளப் போகிறோம் என்று அவர்களில் சிலர் பயந்துவிடுகிறார்கள்.