ஏரி வண்டலில் எண்ணெய்த் தடம் தேடியவர்களின் அனுபவங்கள்

டெக்சாஸில் முதுகலை படித்த காலத்தில், ஒரு நகர ஏரியின் அடியில் குழாயை இறக்கி எடுத்த வண்டலை, சென்டிமீட்டர் கனத்தில் வில்லை வில்லையாக நறுக்கிப் பகுத்தாய்ந்தேன். அணுகுண்டுச் சோதனைகளால் 1963-ஐ ஒட்டிப் படிந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் உச்சம் எந்த வில்லையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கு மேலே உள்ளவற்றுக்கு ஓரளவு ஆண்டுக்கணக்கு சொல்லிவிடலாம். பெட்ரோலியத்திலும் நிலக்கரித் தாரிலும் எரிபொருள் புகையிலும் இருக்கும் மாசுகளான பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் மேலே வர வர ஏறிக்கொண்டே போயின. கரையோரம் எண்ணெயைக் கையாளும் ஆலை ஒன்று இருந்ததால், குற்றவாளி சிக்கிவிட்டதாகவே நினைத்தேன்.

விகிதம் அதற்கு இடம்கொடுக்கவில்லை. இந்த ஹைட்ரோகார்பன்களில் ஒன்றான ஃப்ளோரான்தீனின் அளவை, அதையும் இன்னொன்றான பைரீனையும் கூட்டிய தொகையால் வகுத்து வரும் எண் 0.4-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் எரியாத பெட்ரோலியம், 0.5-க்கு மேலே என்றால் விறகு, நிலக்கரி போன்றவை எரிந்ததன் சாயல். எனக்கு 0.5-ஐத் தாண்டியே வந்தது. மழைநீர் வடிகால்களின் ஒவ்வொரு கிளையிலும் இறங்கி வண்டல் அள்ளிப் பார்த்தபோது (அந்த வெயிலில் இது ஆய்வா தண்டனையா என்று தோன்றியது), வாகன நிறுத்துமிடங்களிலிருந்து வரும் கிளைகளில்தான் அளவு எகிறியிருந்தது. தார்த்தளத்தின் மேல் பளபளப்புக்காகப் பூசும் நிலக்கரித் தார்ப் பூச்சு, சக்கரங்களில் தேய்ந்து துகளாகி மழையோடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்டின் நகரம் 2006-லேயே இப்பூச்சைத் தடைசெய்ததையும், அதன்பின் அங்குள்ள லேடி பேர்ட் ஏரியின் வண்டலில் இம்மாசு குறைந்ததையும் பிறகுதான் படித்தேன். நிலக்கரியைக் காற்றின்றிச் சூடாக்கி எஃகு ஆலைகளுக்கான கல்கரியைத் தயாரிக்கும்போது கிடைக்கும் உபபொருளே அந்தத் தார் என்பதால் மூலம் தொழிற்சாலைதான். ஆனால் அது என் ஏரிக்கரையில் இல்லை.

—

மேலே எழுதிய நண்பருக்கு நேர்ந்ததன் மறுபக்கம் எனக்கு நேர்ந்தது. ஆழம் போகப் போக இதே ஹைட்ரோகார்பன்களின் மொத்த அளவு கூடியதைக் கண்டு, பழைய ஆலைக் கழிவு என்று அறிக்கையே எழுதத் தொடங்கிவிட்டேன். பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், கூடியது ஏறக்குறைய முழுவதும் அவற்றில் ஒன்றான பெரிலீன். ஆக்சிஜன் இல்லாத வண்டலில் மட்கும் தாவரப் பொருளிலிருந்து இயற்கையாகவே உருவாகக்கூடியது. அதே அடுக்குகளின் நேர்சங்கிலி ஆல்கேன்களில் (கார்பன் அணுக்கள் கிளையின்றி ஒரே வரிசையில் கோத்த ஹைட்ரோகார்பன்கள்) 27, 29, 31 என ஒற்றைப்படைக் கார்பன் எண்கள் ஓங்கியிருந்தன. அது இலைமெழுகின் அடையாளம், பெட்ரோலியத்தில் ஒற்றையும் இரட்டையும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். பெரிலீனைத் தனி வரியில் ஒதுக்கிவிட்டு மொத்தத்தை மீண்டும் கூட்டியபோது, என் அறிக்கையின் முதல் இரண்டு பக்கங்களை அடித்துவிட வேண்டியதாயிற்று.