இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவின் படங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்: அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

கரித்தூள்
ரோம், சான் லூயிஜி தெய் பிரான்சேசி ஆலயம், இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயம். எந்தப் படம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு கை நீட்டித் தன் சீடராக அழைக்கும் படம். காசு போட்டால் எரிகிற விளக்கு டக்கென்று அணைந்தது, கைபேசியோடு நின்ற கூட்டமும் நகர்ந்துவிட்டது. நான் நகரவில்லை. கண் இருட்டுக்குப் பழகியதும் முதலில் எழுந்து வந்தது இயேசுவின் கை. முகம்கூட இல்லை, கைதான். அதற்கு மேலே சுவரில் சாய்வாக விழும் வெளிச்சம் தாடிக்கார மத்தேயுவின் முகத்தை நோக்கிப் போகிறது. படத்துக்குள்ளேயே ஒரு சன்னல் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. எல்லாம் வலப்பக்கம், படத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் திரும்பினால் பீடத்துக்கு மேலே ஆலயத்தின் நிஜமான சன்னல்! 1600இல் அந்த வெளிச்சத்திலும் மெழுகுவத்தியிலும்தானே பார்த்திருப்பார்கள். அந்தக் கை இன்னும் என்னை விடவில்லை.

தூரிகைக்காரி
சன்னல் சரி. தாடிக்காரர்தான் மத்தேயு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் விரல் தன்னைக் காட்டவில்லை, பக்கவாட்டில் நீள்கிறது. மேசைக் கோடியில் ஒரு பையன் குனிந்து காசு எண்ணுகிறானே, அவனைத்தான் காட்டுகிறார். நான் போனபோது அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் நிழலில், விரல்கள் காசில். இதோ நிமிரப் போகிறான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

லாந்தர்
என்னுடையது டப்ளின். கிறிஸ்து கைதாகும் படம், 1602. இயேசு சபையினரின் சாப்பாட்டு அறையில் வேறொரு ஓவியர் பெயரில் மாட்டியிருந்து, 1990களின் தொடக்கத்தில் காரவாஜ்ஜோவுடையது என்று தெரியவந்ததே, அதுதான். எல்லோரும் காட்டிக்கொடுக்கும் யூதாசைப் பார்க்க, என் கண் வலது ஓரத்தில் லாந்தர் பிடித்திருப்பவரிடம் போய் நின்றுவிட்டது. அது ஓவியரேதான் என்கிறார்கள். எக்கி எக்கிப் பார்க்கிறார், விளக்கை உயர்த்திப் பிடிக்கிறார். ஆனால் இயேசுவின் முகத்தில் விழுவது அந்த விளக்கின் வெளிச்சம் இல்லை, அது இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. உதவாத விளக்கோடு தன்னை ஏன் அங்கே நிறுத்திக்கொண்டார்?

வண்ணக்கலவை
நான் பார்த்தது ரோமில் சாந்தா மரியா தெல் போப்போலோவில். இயேசுவின் சீடர் பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் ஏற்றும் படம், 1601. சிலுவையை முதுகால் முட்டுக்கொடுத்துத் தூக்கும் ஆளின் அழுக்கு உள்ளங்கால் அப்படியே என் கண்ணெதிரே நின்றது. அவ்வளவுதான்.

அப்புறம், போகிறவர்களுக்கு ஒன்று. ரோமில் பல ஆலயங்களை மதியம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். நேர் எதிரே நிற்க இடம் தேடாதீர்கள். இந்தப் பக்கச்சுவர்ப் படங்கள் சிற்றாலயத்துக்கு வெளியே நின்று சாய்வாகப் பார்க்கிறவரை மனதில் வைத்து வரையப்பட்டவை. கரித்தூள் சொல்கிறார் என்று விளக்கே வேண்டாம் என இருந்துவிடாதீர்கள். விளக்கு எரியும்போதுதான் நிழலுக்குள் இருக்கும் பழுப்பு தெரியும். காரவாஜ்ஜோ வெள்ளைத் துணியில் தொடங்கியவர் இல்லை. கரும்பழுப்பாக அடிப்பூச்சு போட்டு, வெளிச்சம் படும் இடங்களை அதன்மேல் கட்டினார். நிழல் வேண்டிய இடத்தில் பல சமயம் அந்தப் பூச்சையே விட்டுவிட்டார். பூச்சின்மேல் அவர் கீறிய கோடுகள் சில படங்களில் இன்னும் இருக்கின்றன. அவர் கையால் போட்ட முன்வரைவு என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வரையப் பழகுகிறவர்கள் ஒற்றை விளக்கை உயரத்தில் ஒரு பக்கமாக வைத்து, ஒருவரை உட்காரவைத்து, நிழலின் விளிம்பை மட்டும் கவனியுங்கள். மூக்கருகே வெட்டியதுபோல் இருக்கும், கன்னத்தில் மெல்லக் கரையும். நிறமெல்லாம் பிறகு.

கரித்தூள்
விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. அணைந்த பிறகு கண்டதைச் சொன்னேன். தூரிகைக்காரி, அங்கேயே இருக்கும் மற்ற இரண்டு படங்களையும் பாருங்கள். பீடத்தின் மேல் எழுதிக்கொண்டிருக்கும் மத்தேயுவுக்கும் தாடி, எதிர்ச்சுவரில் கொல்லப்படும் மத்தேயுவுக்கும் தாடி. மூன்றும் ஒருவர் கதைதானே?

தூரிகைக்காரி
அழைத்ததற்கும் கொன்றதற்கும் நடுவே எத்தனை வருடம், தாடி வளராதா? அந்தப் பையன் முகத்துக்கு வெளிச்சம் இன்னும் எட்டவில்லை, அதனால்தான் அவன் என்கிறேன். அடுத்து போகிறவர் யாராவது அந்த விரலை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து இங்கே போடுங்கள்.