'டாக்டர் ஹூ' 2025 சீசன்: முடிவுக்காக முழுவதையும் ஒதுக்கலாமா?

கெடிலக்கரையான், கடலூர்:
இந்த சீசனைத் திட்டித் தீர்ப்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். எட்டு அத்தியாயங்களையும் மனமாரச் சொல்கிறேன், ரசித்தேன். (கதை முடிவைப் பற்றியும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் விலகிக்கொள்ளவும்.) காலம் தாண்டிப் பயணிக்கும், சாகும் தறுவாயில் உருமாறி புது நடிகராக வரும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றி 1963இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர் இன்னமும் 'தி வெல்' போன்ற ஓர் அத்தியாயத்தைத் தருகிறதே! பாழடைந்த சுரங்கம். உயிரோடு மிஞ்சியவள் காது கேளாத ஒரே ஒரு பெண். அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ நிற்கிறது. யாராவது அவளுக்கு நேர் பின்னே போனால் தூக்கி வீசப்பட்டுச் சாகிறார்கள். 2008இல் டேவிட் டென்னன்ட் டாக்டராக நடித்த காலத்து 'மிட்நைட்' அத்தியாயத்தில் வந்த அதே பயங்கரம்தான் இது என்று தெரியும் நொடியில் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

லாஸ்பேட்டை வாசகன், புதுச்சேரி:
அண்ணா, 'தி வெல்' அருமைதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சீசன் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். 1963இல் டாக்டரின் பேத்தி சூசனாக நடித்த கேரல் ஆன் ஃபோர்டை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு திரையில் காட்டினார்கள். என்னைப் போன்ற ரசிகனுக்கு அது எத்தனை பெரிய செய்தி! கடைசியில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறுதிக் கதையில் திரும்பி வந்த ஒமேகா, 1970களில் டாக்டரின் மூன்று உருவங்கள் சேர்ந்து எதிர்த்த பகைவன். அவனை ஒரு கணினி எலும்புக்கூடாக்கி, சில நிமிடங்களில் விரட்டிவிட்டார்கள். இன்னொரு குறையும் உண்டு. 1975இல் சூடெக் என்ற எகிப்தியக் கடவுள் வந்தபோது, அவன் வேற்றுக்கிரகவாசி என்று கதை விளக்கியது. இப்போது கடவுள் என்றால் கடவுள்தான். அறிவியல் எங்கே?

பழைய ஆபரேட்டர், திருப்பாதிரிப்புலியூர்:
தம்பி, 'லக்ஸ்' அத்தியாயத்தைக் கடவுள் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1952, மயாமியில் பூட்டிக் கிடக்கும் தியேட்டர். ஒளிக்கடவுள் புகுந்த கார்ட்டூன் ஒன்று திரையை விட்டு இறங்கி வந்து ஆட்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஊரில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரக்கூட முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

நான் பார்த்தது புரொஜக்டர் அறையை. இறந்துபோன மனைவியைப் படச்சுருளில் பார்ப்பதற்காக இரவுதோறும் காலி அரங்கில் படம் ஓட்டுகிறார் அந்த ஆபரேட்டர். கடைசியில் ரீல்களைக் கொளுத்திச் சுவரைப் பிளந்து சூரிய வெளிச்சத்தை உள்ளே விட்டு அந்தக் கார்ட்டூனை விரட்டுகிறார். அந்தக் கால நைட்ரேட் பிலிம் அப்படித்தான். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எங்கள் காலத்தில் பாதுகாப்பான பிலிம் வந்துவிட்டது. ஆனாலும் ரீல் நடுவில் நின்றால், கார்பன் குச்சியின் வெளிச்சச் சூட்டில் படம் உருகிக் குமிழ் விடும், ஓடிப்போய் மூட வேண்டும். இதைவிட வேறென்ன அறிவியல் வேண்டும்? கதையின் தீர்வே அந்த வேதியியலில்தான் இருக்கிறது.

லாஸ்பேட்டை வாசகன்:
ஐயா, நைட்ரேட் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். என் கோபம் இறுதிக் கதை மேல்தான்.

முத்தியால்பேட்டை செவிலி, புதுச்சேரி:
என் கோபமும் அங்கேதான், ஆனால் காரணம் வேறு. சூசனும் ஒமேகாவும் எனக்குப் பெரிதல்ல, பெலிண்டா பெரிது. அவளாக நடித்த வரதா சேது கேரளத்தில் பிறந்தவர். டாக்டரோடு பயணிக்கும் பெண்ணாக, அதுவும் செவிலியாக, நம் பக்கத்து முகம் ஒன்று வந்ததே என்று மகிழ்ந்தேன். அனுமதி கேட்காமல் தன் மரபணுவைச் சோதித்ததற்காக முதல் அத்தியாயத்திலேயே டாக்டரைக் கடிந்துகொள்கிறாள். நோயாளியைத் தொடும் முன் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். அந்தக் காட்சியில் அவள் என் சக ஊழியராகவே தெரிந்தாள். அவள் கேட்டதெல்லாம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான். இறுதிக் கதையிலோ குழந்தையோடு ஓர் அறைக்குள் அடைத்து வைக்கப்படுகிறாள். பிறகு உலகத்தையே கொஞ்சம் நகர்த்தி, அதை அவள் பெற்ற குழந்தையாக்கி, அவள் வீடு திரும்பத் துடித்ததே அந்தக் குழந்தைக்காகத்தான் என்று ஆக்கிவிட்டார்கள்.

கெடிலக்கரையான்:
அக்கா, அந்தக் குழந்தைக்காகத்தானே டாக்டர் தன் உயிரையே கொடுக்கிறார்? டாக்டராக நடித்த ஷூட்டி காட்வா அழும்போது நானும் அழுதேன். தாய்மையைக் குறையாகச் சொல்லலாமா?

முத்தியால்பேட்டை செவிலி:
தாய்மையைக் குறை சொல்லவில்லை, சகோதரரே. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவுப்பணி முடிந்து வீட்டுக்குப் போக ஆசைப்பட ஒரு பெண்ணுக்குப் பிள்ளை என்ற காரணம் தேவையில்லை. களைப்பு போதும், சொந்தக் கட்டில் போதும், மறுநாள் வேலை போதும். ஏழு அத்தியாயங்களாக அவளுக்கு இருந்த அந்தக் காரணத்தைப் பறித்துவிட்டு வேறொன்றைக் கையில் கொடுத்தார்கள். மாற்றலாமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. முதல் அத்தியாயத்தில் டாக்டரிடம் அவள் சண்டை போட்டதே இதற்காகத்தானே? காட்வாவின் நடிப்புக்கு நீங்கள் அழுததில் எனக்கு மறுப்பில்லை. 'தி வெல்' அத்தியாயத்தை இந்த ஞாயிறு மறுபடி பார்க்கத்தான் போகிறேன். இறுதி அத்தியாயத்தை மட்டும் இனித் தொட மாட்டேன்.