மறு: ‘சூழல்’ போதாது, ‘இயங்குவளவு’ எனலாமா?

வணக்கம்.

‘கொன்ரெக்ஸ்ட்’ (context: ஒரே வகை இயங்குதேவைகள் உள்ள நிரல்பொருள்கள் (object) இயங்கும் எல்லையிட்ட இடம்) என்பதற்குச் ‘சூழல்’ என்பதே போதும், புதுச்சொல் எதற்கு என்று சென்னையிலிருந்து ஐயா கேட்டிருந்தார். நாம் தமிழாக்கும் காம் பிளஸ் (COM+: வின்டோஸில் நிரல்கூறுகளை இயக்கும் சேவை) பகுதியை வைத்தே என் காரணத்தைச் சொல்கிறேன்.

வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது: “இரு கூறுகளும் ஒரே கொடுக்கல்வாங்கல் சூழலில் இயங்குவதால் வேகம் கூடும்.” இது பிழை. பிழைக்கு வழிவிட்டதே ‘சூழல்’ என்ற சொல்தான். கொடுக்கல்வாங்கலை (transaction: முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக இரத்தாகும் வேலைத் தொகுதி) பகிர்வது ஒன்று, கொன்ரெக்ஸ்டைப் பகிர்வது வேறொன்று.

இங்கே கிழக்கிலங்கையில், அம்பாறைப் பக்கம் நெல் கொள்வனவுக்கு ஒரு நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். பற்றுச்சீட்டு எழுத ஒரு பொருள், கமக்காரருக்கான கொடுப்பனவைப் பதிய இன்னொன்று. இரண்டுக்கும் கொடுக்கல்வாங்கல் ‘தேவை’ என்று குறித்திருக்கிறோம். முதலாவது இரண்டாவதை உருவாக்கினால், அது அதே கொடுக்கல்வாங்கலில் சேர்ந்துகொள்ளும். ஒன்று மறுத்தால் இரண்டின் வேலையும் இரத்து. ஆனால் கொன்ரெக்ஸ்ட் இரண்டுதான். ‘வேலை முடிந்தது’, ‘சம்மதம்’ என்ற இரு குறிகளும் கொன்ரெக்ஸ்டுக்கு ஒரு சோடிதான் உண்டு. இரு பொருள்கள் ஒன்றில் இருந்தால் ஒன்றின் வாக்கை மற்றது அழித்துவிடும்.

ஆகவே இவற்றுக்கு இடையிலான ஒவ்வொரு அழைப்பையும் ஒரு ப்ரொக்சி (இடையில் நிற்கும் பதிலாள்) மறித்துத்தான் அனுப்புகிறது. பெயரை ஒருமுறை, வங்கியை ஒருமுறை, கணக்கு இலக்கத்தை ஒருமுறை, தொகையை ஒருமுறை என்று தனித்தனியே கொடுத்தால் நான்கு தரம் எல்லை கடக்கவேண்டும். நான்கையும் ஒரே அழைப்பில் கொடுத்தால் ஒரு தரம். ஈரப்பதக் கழிவைக் கணக்கிடும் சிறு கூறுக்குக் கொடுக்கல்வாங்கலே வேண்டாம். அதைக் காம் பிளஸில் பதியாமல் விட்டால், எந்த இழையில் (thread) இயங்கலாம் என்ற விதி ஒத்துவருமானால், அழைத்தவரின் கொன்ரெக்ஸ்டிலேயே பிறக்கும். அழைப்பு நேரடியாகப் போகும். வேகம் கூடுவது இங்கேதான்.

கொடுக்கல்வாங்கலைப் பகிர்வதால் வருவது பெரும்பாலும் காத்திருப்பு. வின்டோஸ் 2000 உடன் வந்த காம் பிளஸ் முதற்பதிப்பு, ஒரு கொடுக்கல்வாங்கல் தொடும் தரவை மற்றவற்றிடமிருந்து மிக இறுக்கமாகத் தனிமைப்படுத்தவே கேட்டது, தரவின் மீதான பூட்டுகள் நீண்டநேரம் நின்றன. 1.5 பதிப்பில்தான் அதைத் தளர்த்தும் வசதி வந்தது.

அதனால்தான் ‘இயங்குவளவு’ என்கிறேன். பழகியபின் ‘வளவு’ மட்டுமே போதும். எங்கள் பக்கம் வளவு என்றால் வேலி அடைத்த வீட்டு நிலம். ஒரே வளவுக்குள் நின்றபடியே ஆளைக் கூப்பிடலாம். அடுத்த வளவென்றால் படலையால் (வேலிக் கதவால்) போகவேண்டும். எல்லை உண்டு, கடக்கச் செலவு உண்டு என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘சூழல்’ என்பதில் எல்லை இல்லை. ‘சூழல் மாறி’ (environment variable) என்று அது வேறு வேலைக்கும் போய்விட்டது.

வட்டாரச் சொல் என்று ஒதுக்கவேண்டாம். செட்டிநாட்டு வீடுகளிலும் வளவு உண்டு. அங்கே முற்றத்தைச் சுற்றிய பகுதி, அதுவும் அடைத்த இடமே. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். கிழக்கிலிருந்து கலைச்சொல் போவது புதிதல்ல.

‘வளவு கடந்த அழைப்பு’, ‘வளவுப் பண்புகள்’, ‘அழைப்பவர் வளவிலேயே உருவாக வேண்டும்’ என்று மற்றவையும் இடறாமல் வருகின்றன. மீதி இருப்பது காம் பிளஸின் அபார்ட்மென்ட் (apartment). பல வளவுகளைத் தனக்குள் கொண்டது, எந்த இழை உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது. அதற்குக் ‘குறிச்சி’ (ஊரின் ஒரு பகுதி) பொருந்துமா? தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்லுங்கள்.