முழங்கால் மாற்று சிகிச்சைக்குப் பின்: சென்சார் கோணமும் கோனியோமீட்டர் கோணமும் ஒத்துவரவில்லை

மூட்டு_லேப் கேட்டது:
முழு முழங்கால் மாற்று முடிந்து 6 வாரம் ஆனவர்களுக்குத் தொடையில் ஒன்று, கீழ்க்காலில் ஒன்று என இரண்டு ஐஎம்யு சென்சார் (அசைவையும் சாய்வையும் அளக்கும் சிறு கருவி) கட்டி, 100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 100 முறை) பதிகிறோம். நேராக நிற்கவைத்து அதையே 0 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறோம். கோனியோமீட்டரில் (மூட்டுக் கோணம் அளக்கும் கைக்கருவி) 100 டிகிரி வரும் மடக்கு, சென்சாரில் 90தான் வருகிறது. நடக்க நடக்கக் கோணம் விலகிக்கொண்டும் போகிறது. முழங்காலுக்குள் வைத்த உலோகம், சென்சாரில் காந்தப்புலத்தை அளக்கும் மேக்னெட்டோமீட்டரைக் குழப்புகிறதா?

கோணம்_கணக்கு:
முதலில் 30, 60, 90 டிகிரியில் மடக்கிவைத்து இரண்டு கருவியிலும் அளந்து பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு குறைந்தால் தவறு உங்கள் 0-வில். கோணம் கூடக்கூட வித்தியாசமும் கூடினால், முழங்காலின் மடக்கு அச்சிலிருந்து சென்சாரின் அச்சு சாய்ந்திருக்கிறது, அல்லது தொடை சென்சார் சதையோடு நகர்கிறது. அச்சு 20 டிகிரி சாய்ந்தாலே, ஒற்றை அச்சில் கணக்கிடுபவர்களுக்கு 100 என்பது 94 ஆகிவிடும். இதற்கு, கட்டில் விளிம்பில் உட்காரவைத்துக் காலை ஐந்தாறு முறை வீசச் சொல்லி, அந்த ஜைரோ (சுழலும் வேகத்தை அளக்கும் பகுதி) தரவிலிருந்தே மடக்கு அச்சைக் கண்டுபிடியுங்கள்.

உலோகத்தின் மேல் பழி போடவேண்டாம். கோபால்ட் குரோமியமும் டைட்டானியமும் காந்தத்தால் ஈர்க்கப்படாதவை. குழப்புவது இரும்புக் கட்டிலும் தரைக் கான்கிரீட்டின் கம்பிகளும்தான். மேக்னெட்டோமீட்டரை அணைத்துவிடுங்கள். நடையில் மடக்கு அச்சு ஏறக்குறைய கிடைமட்டம். அதனால் ஒவ்வொரு சென்சாரின் முன்பின் சாய்வையும் புவியீர்ப்பை வைத்தே திருத்தலாம்.

விலகலுக்குப் பெரும்பாலும் காரணம் ஜைரோவின் நிலைப்பிழை (அசையாதபோதும் அது காட்டும் வேகம்). நொடிக்கு 0.1 டிகிரி பிழை, திருத்தாமல் கூட்டினால் ஒரு நிமிடத்தில் 6 டிகிரி. சென்சாரை 10 நிமிடம் ஓடவிட்டுச் சூடு நிலைத்தபின், மேசையில் அசையாமல் 30 நொடி பதிந்து, அந்தச் சராசரியைக் கழியுங்கள்.

இரண்டு சென்சார்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். கால் வீச்சில் கீழ்க்கால் நொடிக்கு 300 டிகிரி வேகத்தைத் தொடும். அங்கே 20 மில்லிநொடி பிசகினால் 6 டிகிரி போயிற்று. கட்டுமுன் இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சடாரென்று மூன்று முறை திருப்புங்கள். கழற்றியபின் மறுபடியும் அதையே செய்யுங்கள். இரண்டு பதிவிலும் அந்தத் திருப்பங்களை ஒன்றாகப் பொருத்தினால் நேரம் ஒத்துவரும்.

மூட்டு_லேப்:
30, 60, 90 மூன்றிலும் 10 டிகிரிதான் குறைகிறது.

நடை_பிசியோ:
அப்படியானால் அந்த நோயாளி நிற்கும்போதே முழங்கால் 10 டிகிரி மடங்கியிருக்கிறது. அதை நீங்கள் 0 ஆக்கிவிட்டீர்கள். மடக்கு குறைந்து தெரிவதைவிட இதில் பெரிய ஆபத்து, நீட்ட முடியாத அந்த 10 டிகிரி அறிக்கையில் காணாமலே போவது. அறுவைக்குப் பின் முதலில் கவனிக்கவேண்டியதே அதுதான்.

மல்லாந்து படுக்கவைத்து, குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள். முழங்காலின் பின்பக்கம் அந்தரத்தில் இருக்கவேண்டும். நீளக் கை கோனியோமீட்டரை இடுப்பின் பக்கவாட்டு எலும்பு முனை, முழங்காலின் வெளிப்பக்கம், வெளிக் கணுக்கால் என்ற கோட்டில் வைத்து அளவெடுங்கள். காலை அசைக்காமல் 5 நொடி சென்சார் பதிவு எடுத்து, அந்த நிலைக்கு 0 என்று போடாமல் கோனியோமீட்டர் எண்ணையே கொடுங்கள். நிற்கவைத்து எடுக்கும் அளவை இதோடு கலக்காதீர்கள்.

தொடையில் முன்பக்கம் கட்டினால் தசை புடைக்கும்போது சென்சார் திரும்பும். வெளிப்பக்கத்தில் கீழ் மூன்றிலொரு பகுதி நல்லது. கீழ்க்காலில் உட்பக்கத் தட்டை எலும்பின் மேல், தழும்பு முடியும் இடத்துக்கு நாலு விரற்கடை கீழே ஒட்டுங்கள். எலாஸ்டிக் பட்டையை இறுக்கிக் கட்டவே கூடாது. காலில் ரத்தம் உறையும் அபாயம் இன்னும் இருக்கும் காலம் இது. இரட்டைப்பக்க மருத்துவ டேப் போதும். ஒட்டிய இடத்தைப் படமெடுத்து வையுங்கள். வீக்கம் வடிந்தபின் அதே இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும்.

வாக்கர், கைத்தடி எதைப் பிடித்து நடந்தார் என்பதையும் ஒவ்வொரு பதிவிலும் குறித்துவிடுங்கள்.