நைட்ரேட் 40 காட்டுகிறது, இனி மீன் விடலாமா?

கடற்காற்று (கல்லடி):

வணக்கம். விறாந்தையில் 18 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். மணலும் மேல் இடைவெளியும் போக 35 லீற்றர் தண்ணீர் வரும். ஸ்பொஞ் பில்டர், சின்ன ஏர் பம்ப், அலசிய ஆற்று மணல், ஒரு மூலையில் ஜாவா பெர்ன் செடி. தண்ணீர் எங்கள் வளவுக் கிணற்றிலிருந்து. மீன் எதுவும் இல்லை. அழுகி அமோனியா வரட்டும் என்று போன மாதத்திலிருந்து தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு வருகிறேன்.

நேற்றுப் பின்னேரம் கூட வேலை செய்பவரிடம் தண்ணீர் சோதிக்கும் ஏபிஐ சொட்டுக் கிட் இரவல் வாங்கிப் பார்த்தேன். லீற்றருக்கு மில்லிகிராமில் அமோனியா 0.25, நைட்ரைட் 2, நைட்ரேட் 40; பீஎச் 8க்குக் கிட்ட. நைட்ரேட் வந்தால் சைக்கிள் (பக்டீரியா பெருகி அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது) முடிந்த மாதிரி என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் கப்பி மீன் ஐந்தாறும் கொஞ்சம் செர்ரி இறாலும் விடலாமா? மீன் விற்பவரோ இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும் என்கிறார். அக்காவின் மகன் தினமும் வந்து, "சித்தி, மீன் எங்க ஒளிச்சிருக்கு?" என்று கேட்கிறான்.

கல்முனை நானா:

தங்கச்சி, விட வேண்டாம். அந்த 40ஐ மறந்துவிட்டு 2ஐப் பாருங்க. நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினைக் கெடுக்கும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்செடுக்கும். செத்ததன் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதிலாகக் கபில நிறம். உங்கள் தொட்டியில் அமோனியாவைத் தின்னும் பக்டீரியா வந்துவிட்டது, அதனால்தான் அது 0.25இல் நிற்கிறது. நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் எப்போதும் பிந்தித்தான் வரும்.

நைட்ரேட் கதைக்கு வருவோம். கிணற்றிலிருந்து நேரே அள்ளிய தண்ணீரை அதே கிட்டில் பாருங்க. நம்ம கரையோரம் முழுக்க மணல். ஒரே வளவில் கிணறு, மலசலகூடக் குழி, வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி. குழியிலிருந்து ஊறுவது மணலுக்குள்ளேயே நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்கு வந்துவிடும். நீங்கள் காணும் 40இல் எவ்வளவு தொட்டியில் உண்டானது, எவ்வளவு வாளியில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்று, அந்த டெஸ்ட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கனவே நைட்ரைட் கிடந்தால் சிவப்பு இன்னும் கூடும். இரண்டாவது போத்தலை 30 செக்கன் பலமாகக் குலுக்கினீங்களா? குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி எண் குறைவாகக் காட்டும்.

ஆகவே நைட்ரேட்டை வைத்து முடிவெடுக்காதீங்க. உணவைக் கொஞ்சம் குறைத்து, ஆனால் நிறுத்தாமல் போடுங்க. போட்டுக்கொண்டிருக்கும்போதே அமோனியாவும் நைட்ரைட்டும் அடுத்தடுத்த நாட்களில் 0 காட்டினால் முடிந்தது. அதற்கு முன் நைட்ரைட் 5ஐத் தொட்டால் பாதித் தண்ணீரை மாற்றுங்க. அதனால் பக்டீரியா போய்விடாது, அது தண்ணீரில் மிதப்பது குறைவு, ஸ்பொஞ்சிலும் மணலிலும்தான் ஒட்டியிருக்கும்.

பீஎச் 8 என்பதையும் கவனியுங்க. அதே அளவு அமோனியாவில் நஞ்சான பங்கு பீஎச் 7இல் இருப்பதைவிட 8இல் கிட்டத்தட்ட பத்து மடங்கு, நம்ம வெக்கைக்கு அது இன்னும் கூடும். ஆனால் 28, 30 பாகைச் சூடு பக்டீரியாவுக்கு நல்லது. குளிர் நாட்டுக்காரர் ஹீட்டர் வாங்கிப் போடுகிறார்கள், நமக்கு வெயில் இலவசம்.

ஊர்க்குருவி:

எங்கள் அப்பப்பா கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் ஒரு சிரட்டை கப்பியைக் கொண்டு வந்து கொட்டினார். கிட்டும் இல்லை, சைக்கிளும் இல்லை. இன்றைக்கும் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன!

கல்முனை நானா:

தம்பி, அந்தத் தொட்டி எத்தனை நூறு லீற்றர்? சுவர் முழுக்கப் பாசி, மேலே ஆற்றுவாழை, கப்பிக்குச் சாப்பாடு நுளம்புப் புழு. அங்கே அமோனியாவைப் பாசியே குடித்துவிடும். தங்கச்சி வைத்திருப்பது ஒன்றரை வாளித் தண்ணீர்.

வவுணதீவு மீன்காரன்:

எனக்கு உன்னிச்சைக் குழாய்த் தண்ணீர், குளோரின் உண்டு. வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு அடுத்த நாள்தான் தொட்டிக்கு ஊற்றுவேன். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சீக்கிரம் முடிய வேண்டுமென்றால், நோயில்லாத மீன் வளர்க்கும் தெரிந்தவரிடம் பழைய ஸ்பொஞ் ஒன்றைக் கேட்டு உங்கள் பில்டருக்குப் பக்கத்தில் பிழிந்து விடுங்க. தண்ணீர் காப்பி மாதிரிக் கலங்கும், பயப்பட வேண்டாம். கடையில் போத்தலில் விற்கும் பக்டீரியா சிலது வேலை செய்யும், சிலது காசுக்குக் கேடு.

கடற்காற்று:

நானா, கிணற்றைப் பார்த்தேன். 20க்கும் 40க்கும் இடைப்பட்ட நிறம்! நல்லவேளை, குடிக்க நாங்கள் குழாய்த் தண்ணீர்தான் எடுக்கிறோம். போத்தலைக் குலுக்கித்தான் பார்த்தேன். வவுணதீவு அண்ணா சொன்ன ஸ்பொஞ்சுக்கு ஏறாவூரில் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். ஆனால் தண்ணீர் மாற்றினாலும் நைட்ரேட் இறங்காதே, இறால் தாங்குமா?

கல்முனை நானா:

கப்பி தாங்கும், கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். இறாலைப் பிறகு பார்ப்போம். மாரி தொடங்கியதும் முதல் மழையில் கூரை கழுவுப்பட்டுப் போகட்டும், அப்புறம் வரும் மழைத் தண்ணீரைப் பிடித்துக் கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலவுங்க. தனி மழைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதில் கார்பனேட் இல்லாத மாதிரித்தான், பக்டீரியா வேலை செய்யச் செய்ய தொட்டியில் இருப்பதும் செலவாகி பீஎச் சட்டென்று விழும், பக்டீரியாவும் படுத்துவிடும். வேலம்பாசி கிடைத்தால் ஒரு கட்டு போடுங்க, நைட்ரேட்டையும் உறிஞ்சும். ஆனால் குளத்திலிருந்து எடுத்தால் நத்தை வரும், முதலில் தனி வாளியில் வைத்துப் பாருங்க.

குடிதண்ணீரைக் கேட்டதும் ஒன்று சொல்ல வேண்டும். குடிதண்ணீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அக்கம்பக்கத்தில் யாராவது அந்தக் கிணற்றில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்தால் ஆய்வுகூடத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்க. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

கப்பியை முதலில் மூன்று மட்டும் விடுங்க, கிழமைக்குப் பின் மற்றவை. கடைப் பையிலுள்ள தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்க.