பொருள் கைக்கு வருமுன்பே நிறுவனம் மூடப்பட்ட அனுபவங்கள்

காத்திருந்தவன்:

நான் பணம் கட்டிய நிறுவனம் மூடப்படுவதாகச் சொன்ன 41-ஆம் அறிவிப்பு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அதிலிருந்த நான்கு பத்திகளையும் இங்கே எடுத்தெழுதத் தேவையில்லை. பொருள் உருவாகும் முன்பே பலரும் பணம் கொடுத்து அதைச் செய்யவைக்கும் கூட்டுநிதித் திட்டம் ஒன்றில் பணம் கட்டி ஏமாந்த எவருக்கும் அவை மனப்பாடமாகவே இருக்கும். கனத்த மனத்துடன் தெரிவிக்கிறோம் என்று தொடங்கி, கடைசி முதலீட்டாளர் பின்வாங்கியதைச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தர வழியில்லை என்று முடிந்தது. மறுநாளே கருத்துப் பகுதியையும் பூட்டிவிட்டார்கள்.

நான் பணம் கட்டியது, கூட்டத்தின் இரைச்சலைக் குறைத்து எதிரில் இருப்பவரின் பேச்சை மட்டும் எடுத்துக் கொடுக்கும் காதணிக் கருவிக்காக. எனக்காக அல்ல, காது மந்தமாகிவரும் என் தந்தைக்காக. சொன்ன நாளைக் கடந்து 19 மாதங்கள் காத்திருந்தோம். தொகையை நினைத்து இப்போது நான் வருந்துவதில்லை. 31-ஆம் அறிவிப்பில் வந்த ஒரு படம்தான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. ஓர் உள்ளங்கை, அதன்மேல் திறந்த நிலையில் சார்ஜர் பெட்டி, உள்ளே இரண்டு காதணிகள், பெட்டியின் கீல் மீது ஒரு கட்டைவிரல். ‘தயாரிப்பின் இறுதிக் கட்டம்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். அதைத் தந்தையிடம் காட்டி, இன்னும் ஆறு வாரம்தான் என்று நானே வாக்குக் கொடுத்தேன்.

நிறுவனம் மூடிய பிறகு ஒருநாள் இரவு அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதணிகள் அமரும் குழிகளில் மின்சாரம் ஏறுவதற்கான உலோக முனைகளே இல்லை. வழவழப்பான வெற்றுப் பிளாஸ்டிக் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெட்டியால் எதற்கும் சார்ஜ் ஏற்றியிருக்க முடியாது. மாதக்கணக்கில் கண்முன்னே இருந்த படத்தில் இதை நான் ஏன் பார்க்கவில்லை, அந்தக் கட்டைவிரல் ஏன் சரியாகக் கீலின் மீது இருந்தது என்ற இரண்டு கேள்விகளும் இன்னும் என்னை விடவில்லை.

உலோக அச்சு:

நான் மறுபக்கத்தில் இருந்தவன். உங்கள் நிறுவனத்தில் அல்ல. கையடக்கக் காற்றுத்தர மானி ஒன்றைச் செய்ய முயன்று மூடிய ஒன்பது பேர் கொண்ட ஒரு நிறுவனத்தில் இயந்திர வடிவமைப்பு என் பொறுப்பாக இருந்தது.

கேட்டதைப் போல 11 மடங்கு பணம் வந்த இரவில் நாங்கள் கொண்டாடினோம். அன்றே நாங்கள் மூழ்கத் தொடங்கிவிட்டோம் என்பது பிறகுதான் விளங்கியது. உதிரிப் பாகங்களின் விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து நாங்கள் விலை வைத்திருந்தோம். பாகங்களின் செலவைப் போல மூன்று நான்கு மடங்காவது விற்பனை விலை இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. பணம் திரட்டித் தரும் கூட்டுநிதித் தளத்தின் பங்கு 5 விழுக்காடு, பணப் பரிமாற்றக் கட்டணம் அதற்கு மேல், லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்புவதற்கு வேண்டிய யுஎன் 38.3 என்ற பாதுகாப்புச் சோதனை, வானொலி அலைச் சான்றிதழ், பாகங்கள் வாங்குவதற்கு முன்பே தொழிற்சாலை கேட்கும் முன்பணம் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஆயிரம் பேருக்குத் தவறிய கணக்கு பதினோராயிரம் பேருக்கு நேராகிவிடாது. ஒவ்வொரு கருவியிலும் வரும் நட்டம் அத்தனை மடங்கு பெருகத்தான் செய்யும்.

ஆனால் என் நினைவில் நிற்பது வேறொரு நாள். சூடான பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்க்கும் எஃகு அச்சிலிருந்து (ஊசிவார்ப்பு அச்சு) முதலில் எடுத்த மாதிரிகள் ஒரு சிறு அட்டைப்பெட்டியில் வந்தன. கருவியின் மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டையும் பொருத்தினேன். மூன்று மூலைகள் சொடுக்கென்று மூடின, நான்காவது மூலை மூடவில்லை. என் நகம் உள்ளே நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. ஓட்டின் உட்புறம் வலுவுக்காக வைக்கும் விலாப் பட்டைகளை நான் தடிமனாக வரைந்திருந்ததால், சூடான பிளாஸ்டிக் ஆறும்போது அந்த மூலை கூடுதலாகச் சுருங்கி இழுத்துக்கொண்டது. அச்சின் எஃகைச் செதுக்கிக் குறைப்பது எளிது. குறைந்த இடத்தில் எஃகைச் சேர்ப்பதற்கோ பற்றவைத்துக் கடைய வேண்டும், இல்லையேல் புதிய அச்சே செய்ய வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது வேலை. அது முடிய எத்தனை வாரமோ, அத்தனை வாரமும் ஒன்பது பேரின் சம்பளம் ஆதரவாளர்களின், அதாவது முன்கூட்டியே பணம் கட்டியவர்களின், பணத்திலிருந்துதான் போயிற்று. அறை முழுவதும் அமைதியாக இருக்க, அந்த இடைவெளியில் நகத்தை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தது என் விரல் நுனியில் இன்றும் இருக்கிறது. நாங்கள் திருடவில்லை. எங்களுக்குத் தெரியாததைத் தெரியும் என்று நம்பினோம்.

நீலவானம்:

உலோக அச்சு அவர்களின் வருத்தத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ‘நாங்கள் திருடவில்லை’ என்ற வாக்கியத்தை ஏற்க என்னால் முடியவில்லை.

நான் 14 மாதங்களாகக் காத்துக்கொண்டிருந்த கருவியை ஒரு கடையின் அலமாரியில் கண்டேன். நிறுவனம் மூடப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு நடந்தது இது. பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, ஆதரவாளர்களுக்கு நன்றி சொல்லும் வரி அதன் அடிப்பக்கத்தில் அச்சாகியிருந்தது. எனக்கு நன்றி சொல்லும் பெட்டியை நானே மீண்டும் ஒருமுறை விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைகளுக்கு விற்றால்தான் அடுத்த தொகுதி செய்யப் பணம் கிடைக்கும் என்று அவர்கள் விளக்கம் எழுதினார்கள். இதே விளக்கத்தை உலகமே ஒருமுறை கேட்டிருக்கிறது. 2014-இல் 62,642 பேரிடம் 1.3 கோடி டாலருக்கு மேல் திரட்டிய கூலஸ்ட் கூலர் குளிர்ப்பெட்டி, ஆதரவாளர்கள் பலருக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அமேசானில் விற்பனைக்கு வந்தது. விரைவாக வேண்டுமென்றால் இன்னும் 97 டாலர் கட்டுங்கள் என்று 2016-இல் காத்திருந்தவர்களிடமே கேட்டார்கள். 2019 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டபோது சுமார் 20,000 பேர் வெறுங்கையோடு நின்றார்கள். அச்சு சுருங்கியது பிழை. அதை யாரும் மன்னிப்பார்கள். சுருங்கியதை மறைத்துவிட்டு ‘இறுதிக் கட்டம்’ என்று எழுதுவது பிழையல்ல, முடிவெடுத்துச் செய்தது. உங்கள் நகம் அந்த இடைவெளிக்குள் போன நாளில் ஆதரவாளர்களுக்கு என்ன எழுதினீர்கள் என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

மின்மினி:

எனக்குப் பொருள் வந்தது. வந்தும் போய்விட்டது என்பதால் இதையும் இங்கே சேர்க்கிறேன்.

படுக்கையின் அருகில் வைக்கும் விளக்கு அது. விடியும் வெளிச்சத்தைப்போல மெல்ல மெல்ல ஒளி கூட்டி எழுப்பும். இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது. ஒருநாள் காலையில் இருட்டிலேயே கண் விழித்தேன். விளக்கின் அடியில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் நான்கு முறை சிமிட்டுவதும் நிற்பதுமாக இருந்தது. நிறுவனம் கடனில் மூழ்கிச் சர்வரை நிறுத்தியிருந்தது. அதுவரை எனக்குத் தெரியாத ஒன்று அன்று தெரிந்தது: என் அறையில் இருக்கும் விளக்கு, மணி என்ன என்பதைக்கூட அந்த நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுத்தான் அறிந்துகொண்டிருந்தது. எல்ஈடிகள் நன்றாக இருக்கின்றன, மின்சாரம் இருக்கிறது. எரியச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

பெபிள் கைக்கடிகாரத்தை நினைத்துத்தான் நான் ஆறுதல் அடைவது வழக்கம். 2012-இல் 68,929 பேர் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வளர்த்த நிறுவனம் அது. 2016 டிசம்பரில் அது மூடப்பட்டு, அதன் மென்பொருள் ஃபிட்பிட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அந்த ஆண்டின் கூட்டுநிதித் திட்டத்தில் அறிவித்த டைம் 2, கோர் ஆகிய கருவிகள் கைவிடப்பட்டன, அவற்றுக்குக் கட்டியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. 2018 ஜூனில் ஃபிட்பிட் சேவைகளையும் நிறுத்தியது. அதன் பிறகும் ரெபிள் என்ற பெயரில் பயனர்களே கூடி மாற்றுச் சேவையை நடத்தினார்கள். ஃபிட்பிட்டைப் பின்னர் வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் பெபிள் இயங்குதளத்தின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. என் விளக்கைப் பயன்படுத்தியவர்கள் அத்தனை பேர் இல்லை. அதனுள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூட யாரும் மிஞ்சவில்லை. அந்த மஞ்சள் புள்ளி சிமிட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பழைய கணக்காளர்:

நானும் ஒருமுறை ஒரு முப்பரிமாண அச்சுக்கருவிக்குப் பணம் கட்டினேன், வந்து சேரவில்லை. அதைவிட, இனிமேல் யாரும் இப்படி இழக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவதாக, படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். கணினியில் வரைந்த பொய்த்தோற்றப் படங்களை வன்பொருள் திட்டங்களில் காட்டக்கூடாது என்று கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளம் 2012 செப்டம்பரிலேயே விதி கொண்டுவந்து, தான் கடையல்ல என்றும் வெளிப்படையாக எழுதியது. அந்த வாக்கியத்தை எத்தனை பேர் படித்தோம்? கருவி இடைவெட்டு இல்லாமல் ஒரே காட்சியில் இயங்குகிறதா, அச்சு யார் செய்கிறார்கள், எந்தத் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் என்பதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். பதில் நழுவினால் நாமும் நழுவிக்கொள்ள வேண்டும். இலக்கை எட்டாவிட்டாலும் திரண்ட வரையில் பணத்தை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் திட்டங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பாதிப் பணத்தில் பாதிக் கருவியைச் செய்ய முடியாது. இலக்கைப் பல மடங்கு தாண்டிய திட்டம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். ஜானோ என்ற குட்டி டிரோன் 1,25,000 பவுண்டு கேட்டு, 12,075 பேரிடமிருந்து 23 இலட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றது. 2015 ஜனவரியில் திரட்டல் முடிந்தது, அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் கலைப்புக்குப் போயிற்று. என்ன நடந்தது என்று ஆராய்ந்து எழுதும்படி மார்க் ஹாரிஸ் என்ற பத்திரிகையாளரைக் கிக்ஸ்டார்ட்டரே அமர்த்த வேண்டியதாயிற்று.

இரண்டாவதாக, நிறுவனம் மூடப்பட்டால் உடனே அதன் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் கலைப்பாளருக்கு எழுதி, நிறுவனம் பணம் தர வேண்டியவர்களின் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிணை எதுவும் இல்லாமல் பணம் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்கும் நமக்கு முன்னால் அடமானம் பெற்ற வங்கியும், பல நாடுகளில் ஊழியர்களின் சம்பள பாக்கியும் நிற்கும். ஆகவே கிடைப்பது மிகக் குறைவாகவே இருக்கும், பெரும்பாலும் ஒன்றுமே இராது. இருந்தாலும் பதிவு செய்யுங்கள். அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கோருவதற்குக் காலவரம்பு உண்டு. நிறுவனம் தேதியைத் தள்ளித் தள்ளிப் போடும்போது அந்த வரம்பும் நம்மை அறியாமல் கடந்துவிடும். எல்லா அறிவிப்புகளையும் அவ்வப்போது சேமித்து வையுங்கள், பிறகு பக்கமே இராது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மாலிக் 2015-இல் செய்த ஆய்வில், கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டிய திட்டங்களில் ஏறத்தாழ 9 விழுக்காடு சொன்னதைக் கொடுக்கத் தவறின என்று தெரியவந்தது. பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், அந்த ஒன்றில் போகும் தொகையை முன்கூட்டியே செலவாகக் கணக்கில் எழுதிவிடுவதுதான் முறை. காத்திருந்தவன் அவர்கள் தந்தைக்கு மருத்துவரின் பரிந்துரையோடு கிடைக்கும் கேட்புக் கருவியை அப்போதே வாங்கியிருக்கலாம்.

காத்திருந்தவன்:

பழைய கணக்காளர் அவர்களே, நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் யோசனை கேட்டு இதை எழுதவில்லை. மருத்துவர் தந்த கருவி அவரிடம் முன்பே இருக்கிறது. நாலு பேர் ஒன்றாகப் பேசும்போது அது எல்லாக் குரலையும் ஒரே அளவில் கூட்டிவிடுகிறது என்பதால்தான் இதற்குப் பணம் கட்டினேன். 9 விழுக்காடு என்ற எண் எனக்குப் புரிகிறது. ‘இன்னும் ஆறு வாரம்’ என்று அவரிடம் சொன்னது நான்தான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

நீலவானம் அவர்களின் கேள்விக்கு உலோக அச்சு பதில் சொன்னால் எனக்கும் உதவியாக இருக்கும்.

உலோக அச்சு:

மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

அந்த வாரத்தில் ஓர் அறிவிப்பு போனது. எழுதியவர் நிறுவனர், படத்துக்காக மானியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். முதல் மாதிரிகள் வந்துவிட்டன, மிக அழகாக இருக்கின்றன, சிறு திருத்தங்கள் மட்டுமே மீதி என்று எழுதியிருந்தோம். மூடாத அந்த நான்காவது மூலையின் மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். விரலை எடுத்தால் மூலை திறந்துகொள்ளும். நன்றாக அழுத்து, நகம் வெளுத்துப்போனது தெரிகிறது, கொஞ்சம் தளர்த்து என்று படம் எடுத்தவர் சொன்னார். தளர்த்தினால் திறந்தது, அழுத்தினால் வெளுத்தது. பத்துப் பன்னிரண்டு முறை எடுத்து, சரியாக அமைந்த ஒன்றைப் போட்டோம். அடுத்த மாதம் எப்படியும் சரிசெய்துவிடுவோம் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். நீலவானம் சொன்னது சரி. அது முடிவெடுத்துச் செய்ததுதான். உங்கள் படத்தில் இருக்கும் விரல் எதை மறைத்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அச்சில் வார்த்த பெட்டியில் கீல்தான் பெரும்பாலும் முதலில் உடையும் இடம்.

காத்திருந்தவன்:

உங்கள் பதிவை என் தந்தைக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. கட்டைவிரல் வைத்திருந்தவருக்குச் சம்பள பாக்கி கிடைத்ததா என்று கேட்கச் சொன்னார்.